ஐ.டி.பி. என்னும் தட்டணுக் குறைவு நோயும் ஆயுர்வேத சிகிச்சையும்: கொங்கு மண்டலத்து நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளில் ஐ.டி.பி. நோய் கண்டறியப்பட்ட குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு கதவுகளைத் தட்டுகின்றன. ஒன்று இரத்தவியல் மருத்துவருடையது. மற்றொன்று ஊரிலுள்ள ஆயுர்வேத அல்லது சித்த வைத்தியசாலையுடையது, அல்லது வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் ஒன்று. ஆனால் முதலாமவருக்கு இரண்டாமவரைப் பற்றித் தெரிவதில்லை. இரண்டாமவரிடம் முதலாமவரின் மருந்துச் சீட்டு காட்டப்படுவதில்லை. ஆயுர்வேதம் படித்து அதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த நோயில் நான் மிகவும் அஞ்சுவது இந்த மறைப்பைத்தான். கீழுள்ள விடைகள் அந்த அச்சத்திலிருந்து எழுதப்பட்டவை.

ஐ.டி.பி. என்பது என்ன நோய்?

இரத்தக் கசிவை அடைக்கும் வேலையைச் செய்பவை தட்டணுக்கள். பிளேட்லெட் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே தட்டணுக்களைப் பகையெனக் கருதி அவற்றின்மேல் எதிர்ப்புப் பொருள்களை ஒட்டிவிட, அவ்வாறு குறியிடப்பட்ட தட்டணுக்களை மண்ணீரல் அழித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் புதிய தட்டணுக்கள் உருவாவதும் தடைபடுகிறது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் ஐ.டி.பி. என்று கருதுகிறார்கள். 3 மாதத்துக்குட்பட்டது புதியது என்றும், 12 மாதத்தைத் தாண்டியது நாட்பட்டது என்றும் பிரிக்கப்படுகிறது.

இந்த நோயை உறுதி செய்யத் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி, எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் லூபஸ் நோய், சில மருந்துகளின் விளைவு, மஜ்ஜை நோய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இந்த முடிவுக்கு வர முடியும். சிலருக்கு இரத்தம் எடுக்கும் குழாயில் உள்ள வேதிப்பொருளால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இயந்திரம் தவறாகக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டுவதும் உண்டு. ஆகவே, கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் நேராகப் பார்க்காமல், ஒரே ஒரு சோதனைத் தாளை வைத்துக்கொண்டு எந்த மருத்துவ முறையிலும் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

டெங்குவிலும் தட்டணு குறைகிறதே. அதற்குக் கொடுக்கும் பப்பாளி இலைச்சாறும் நிலவேம்புக் குடிநீரும் இதற்கும் போதாதா?

போதாது. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களில் எண்ணிக்கை இறங்கி, சில நாட்களில் தானாகவே ஏறிவிடும். பப்பாளி இலைச்சாறு அந்த ஏற்றத்தைச் சற்று விரைவுபடுத்துவதாகச் சிறிய ஆய்வுகள் சில கூறினாலும், அவை டெங்கு நோயாளிகளிடம் நடந்தவை. ஐ.டி.பி.யில் அழிவு நிற்காமல் தொடர்கிறது. டெங்குக் காலங்களில் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராக வழங்கியதால், தட்டணு என்ற சொல்லைக் கேட்டதுமே அதைக் காய்ச்சும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்பட்டுவிட்டது. காய்ச்சலே இல்லாத ஒருவருக்குத் தட்டணு குறைந்திருந்தால், அங்கே கேள்வியே வேறு.

எவ்வளவு குறைந்தால் ஆபத்து?

எண் மட்டும் முடிவு செய்வதில்லை. 50 ஆயிரத்துக்கு மேல் உள்ளவர்களுக்குத் தானாக இரத்தம் கசிவது அரிது. பெரியவர்களுக்கு 30 ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் பொதுவாக மருந்து தொடங்கப்படுகிறது. 10 ஆயிரத்துக்குக் கீழே எப்போது வேண்டுமானாலும் கசிவு ஏற்படலாம். குழந்தைகளின் கணக்கு வேறு: எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும், தோலில் சில சிவப்புப் புள்ளிகளுக்கும் கன்றல்களுக்கும் மேல் எதுவும் இல்லையென்றால், மருந்தே கொடுக்காமல் கவனித்திருப்பதே இன்று ஏற்கப்பட்ட முறை. வாய்க்குள் இரத்தக் கொப்புளம் தோன்றுவது, தோலில் எத்தனை புள்ளிகள் இருப்பதைக் காட்டிலும் கடுமையான அறிகுறி.

ஆயுர்வேத நூல்களில் இந்த நோய் சொல்லப்பட்டிருக்கிறதா?

தட்டணு என்ற கருத்து அந்நூல்களில் இல்லை. நுண்ணோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டவை அவை. குறிகளை வைத்துப் பார்த்தால் மிக நெருங்கி வருவது இரத்தபித்தம். சரக சம்ஹிதை இதை நிதான ஸ்தானத்தின் 2-ஆம் அத்தியாயத்திலும் சிகிச்சா ஸ்தானத்தின் 4-ஆம் அத்தியாயத்திலும் விரிவாகப் பேசுகிறது. சூடேறிக் கெட்ட பித்தம் இரத்தத்தைக் கெடுத்து, மூக்கு, வாய் வழியாக மேல்நோக்கியும், மலம், சிறுநீர், யோனி வழியாகக் கீழ்நோக்கியும், சில சமயம் மயிர்க்கால்கள் வழியாகவும் வெளிப்படுத்துகிறது என்பது அதன் விளக்கம். மேல்நோக்கியது தீர்க்கக் கூடியது, கீழ்நோக்கியது கட்டுக்குள் வைக்கக் கூடியது, இரு வழியிலும் வருவது தீர்க்க முடியாதது என்று அது வகுத்துச் சொல்வதில், மருத்துவன் தன் எல்லையை உணர வேண்டும் என்ற நேர்மை இருக்கிறது. அந்த நேர்மையே எனக்கு இந்த முறையின்மேல் உள்ள மதிப்புக்கு ஒரு காரணம்.

ஆனால் அதே அத்தியாயத்தில், வலிமையும் சதையும் குன்றாத நோயாளிக்கு வரும் இரத்தப்போக்கைத் தொடக்கத்திலேயே கட்டிவிடக் கூடாது, கெட்ட இரத்தம் உள்ளே தங்கினால் வேறு நோய்கள் வரும் என்ற விதியும் இருக்கிறது. 8 ஆயிரம் தட்டணுவோடு மூக்கில் இரத்தம் ஒழுகும் ஓர் இளைஞர், பார்வைக்கு வலிமையும் சதையும் குன்றாதவராகத்தான் இருப்பார். அவரிடம் இந்த விதியைப் பின்பற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். இரத்தபித்தமும் ஐ.டி.பி.யும் ஒன்றேதான் என்று சொல்லி நூலை அப்படியே பின்பற்றும் வைத்தியரிடம் நோயாளியை ஒப்படைக்க நான் துணியமாட்டேன்.

ஆயுர்வேதத்தால் ஐ.டி.பி. முற்றிலும் குணமாகுமா?

அப்படி உறுதி கொடுக்கும் ஆதாரம் இன்று இல்லை. வெளிவந்திருப்பவை பெரும்பாலும் தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள். இந்த நோயின் இயல்பைத் தெரிந்துகொண்டால், அக்குறிப்புகள் ஏன் போதாது என்பது விளங்கும். குழந்தைகளில் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்கு ஓராண்டுக்குள் நோய் தானாகவே விலகிவிடுகிறது. பெரும்பாலானோர்க்கு 6 மாதத்துக்குள்ளேயே. பெரியவர்களிலும் சிலருக்கு மருந்தின்றியே எண்ணிக்கை உயர்ந்து நிலைப்பதுண்டு. மற்றவர்களுக்கு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். எண்ணிக்கை மிகவும் இறங்கிய வாரத்தில்தான் பயந்துபோய் வைத்தியசாலைக்கு வருகிறோம். அடுத்த வாரம் அது இயல்பாக ஏறினால், இடையில் குடித்த கஷாயத்துக்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. பக்கத்து ஊர்ப் பையனுக்குச் சரியானது என்ற செய்தி உண்மையாகவே இருக்கலாம். எதனால் சரியானது என்பதை அச்செய்தியிலிருந்து அறிய முடியாது.

ஆயுர்வேதத்தை முறையாக ஆராயவே முடியாது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. அதற்கு மறுப்பு நம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. ஐ.டி.பி.யைப் போலவே எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் ஒன்றான முடக்குவாதத்துக்கு, ஆயுர்வேத மருந்து, மெத்தோட்ரெக்சேட் என்னும் அலோபதி மருந்து, இரண்டும் சேர்ந்தது என 43 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி 36 வாரம் நடத்திய ஆய்வு இங்கே நடந்து, 2011-இல் வெளியானது. மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின. சிறிய ஆய்வுதான், பெரிய முடிவுகளைத் தாங்காது. ஆயினும், ஒவ்வொருவரின் உடல்நிலைக்கேற்ப மருந்தை மாற்றும் மரபை விடாமலேயே நேர்மையான ஒப்பீடு செய்யலாம் என்பதை அது காட்டியது. ஐ.டி.பி.க்கும் அப்படியொரு ஒப்பீடு வேண்டும் என்பது என் விருப்பம். அது வரும்வரை, குணமாக்குகிறேன் என்று சொல்லும் உரிமை எங்களில் யாருக்கும் இல்லை.

உறக்கம், பசி, மலச்சிக்கல், மனக்கலக்கம், இந்த நோய்க்கு அலோபதியில் கொடுக்கும் ஸ்டீராய்டால் ஏற்படும் வயிற்றெரிச்சல் ஆகியவற்றில் துணை நிற்பது எங்களால் இயலும். நாட்பட்ட நோயாளிக்கு அது சிறிய உதவி அல்ல.

ஸ்டீராய்டால் முகம் வீங்கிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது. அதை நிறுத்திவிட்டு ஆயுர்வேதம் மட்டும் எடுக்கலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள். சில வாரங்களுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, தன் வேலையைச் செய்யாமல் ஓய்ந்திருக்கும். மாத்திரையைத் திடீரென விட்டால், தட்டணு சரிவது ஒருபுறமிருக்க, கடும் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை, அதைத் தொடங்கிய மருத்துவர்தான் எழுத வேண்டும்.

அதே சமயம், ஸ்டீராய்டை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதும் நல்ல மருத்துவம் அன்று. இன்றைய வழிகாட்டல்கள் அதைக் குறுகிய காலத்துக்கே பரிந்துரைக்கின்றன. அதற்குப் பிறகு, மஜ்ஜையைத் தூண்டித் தட்டணு உற்பத்தியைக் கூட்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை, ரோமிப்ளோஸ்டிம் ஊசி, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ரிடுக்சிமாப், மண்ணீரலை அகற்றும் அறுவை சிகிச்சை எனப் பல வழிகள் உள்ளன. முகவீக்கமும் சர்க்கரையும் தாங்க முடியாதவையாக இருந்தால், வைத்தியசாலைக்கு ஓடுவதற்கு முன் இரத்தவியல் மருத்துவரிடம் இதைச் சொல்லி, வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். கேட்கத் தயங்கி, சொல்லாமல் நிறுத்திவிட்டு வருபவர்களே அதிகம். மருத்துவரை நோகடிப்போமோ என்ற நம் மரியாதை இங்கே தீங்காக முடிகிறது.

ஆயுர்வேதத்தில் இதற்கு என்னென்ன மருந்துகள் கொடுக்கிறார்கள்? அவை அலோபதி மருந்தோடு மோதுமா?

இரத்தபித்தத்துக்கு முதன்மையான மூலிகை ஆடாதோடை. அருகம்புல், வெட்டிவேர், சந்தனம், தண்ணீர்விட்டான் கிழங்கு, நெல்லி, அதிமதுரம், வெண்பூசணியில் செய்யும் கூஷ்மாண்ட லேகியம், கசப்பு மூலிகைகளில் காய்ச்சிய நெய்கள், பவள பஸ்பம், அயச்சத்துள்ள செந்தூரங்கள் ஆகியவையும் வழக்கில் உண்டு. சித்த வைத்தியர்கள் இம்பூறலையும் சேர்ப்பார்கள். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் இந்த நோயில் பொருந்தாது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்ட்ரோம்போபேக் எடுப்பவர்கள், சுண்ணாம்புச் சத்தோ இரும்புச் சத்தோ உள்ள எதையும் அதோடு சேர்த்து எடுக்கக் கூடாது. அவை மாத்திரையைப் பற்றிக்கொண்டு, குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும். பவளம், முத்து, சங்கு பஸ்பங்களும் அயச் செந்தூரமும் இந்த வகையில் அடங்கும். பாலும் தயிரும் அப்படியே. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போதான் மாத்திரையை விழுங்க வேண்டும். பஸ்பத்தைப் பாலில் குழைத்து, அதே வேளையில் இந்த விலையுயர்ந்த மாத்திரையையும் விழுங்கிவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருந்தும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரெட்னிசோலோனும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் விளைவு கூடுகிறது. தட்டணு குறைந்தவருக்கு இரத்த அழுத்தம் ஏறுவது, மூளையில் கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும்.

சீந்தில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்பதே அதன் புகழ், ஆனால் ஐ.டி.பி.யில் எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, வழிதவறி இருக்கிறது. கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்த 6 பேருக்குத் தன்னெதிர்ப்பு வகையைச் சேர்ந்த கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. தவறான கொடி பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்ற விவாதமும் எழுந்தது. விவாதம் எப்படி முடிந்தாலும், தன்னெதிர்ப்பு நோயுள்ளவருக்குச் சீந்திலும் அமுக்கராவும் நான் எழுதுவதில்லை. எல்ட்ரோம்போபேக்கும் கல்லீரலைத் தொடக் கூடியது என்பதால், அதை எடுப்பவரிடம் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிறது.

ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போடுவதால் எந்தத் தீங்கும் இல்லை. மஞ்சள் சத்து மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் ஆகியவற்றை அதிக அளவில் எடுப்பது, இருக்கிற தட்டணுக்களின் வேலையையும் மந்தமாக்கக் கூடும், தவிர்த்துவிடுங்கள்.

பஞ்சகர்மா செய்துகொள்ளலாமா?

எண்ணிக்கை குறைந்திருக்கும்போது வேண்டாம். அட்டை விடுதலும் இரத்தம் எடுத்தலும் எந்நிலையிலும் கூடாது. வாந்தி எடுக்க வைக்கும் வமனத்தில் தலைக்குள் அழுத்தம் ஏறும். ஆசனவாய் வழியாக மருந்து செலுத்தும் வஸ்தியில் குடல் சவ்வு கீறினால் கசிவு நிற்காது. அழுத்தித் தேய்க்கும் எண்ணெய்ச் சிகிச்சையால் உடலெங்கும் கன்றிப்போகும். இரு மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட பிறகு, இலேசாக எண்ணெய் தடவிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெயர் ஒட்டாத பொடி ஒன்று தருகிறார்கள்; ஒரு வாரத்தில் எண்ணிக்கை ஏறிவிட்டது. தொடரலாமா?

அந்த வேகமே சந்தேகத்துக்கு உரியது. சில நாட்களில் எண்ணிக்கை தாவுவதும், பசி கூடுவதும், முகம் உப்புவதும் சேர்ந்து வந்தால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அவ்வாறு கலப்படம் செய்த பொடிகள் நம் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. அதனுடைய அளவு உங்களுக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது.

உலோகக் கலப்பு மற்றொரு கவலை. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. உரிம எண், தொகுதி எண், தயாரிப்பு நாள், சேர்மானப் பட்டியல் ஆகிய நான்கும் அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள்.

உணவில் என்ன மாற்றம் வேண்டும்? கொள்ளும் வரகும் ஆகாது என்கிறார்களே?

அது சரகர் சொன்னது. இரத்தபித்தத்துக்குக் காரணமாகும் உணவுகளின் வரிசையில் வரகு, மொச்சை, உளுந்து, கொள்ளு ஆகியவை இடம்பெறுகின்றன. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாத கொங்கு வீடு அரிது என்பதால், இந்தத் தடை நம்மவர்க்குப் பெரிதாகத் தெரிகிறது. கொள்ளு தட்டணுவைக் குறைக்கும் என்று இன்றைய அறிவியலில் நிறுவப்படவில்லை. வைத்தியர் தவிர்க்கச் சொன்னால் தவிர்ப்பதில் நட்டமில்லை. பச்சைப்பயறும் துவரையும் இருக்கின்றன. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டதற்காக அஞ்சவும் வேண்டாம்.

எண்ணிக்கையை ஏற்றும் உணவு என்று எதுவும் இல்லை. இரத்தம் ஊறும் என்று நம் வீடுகளில் வாங்கிக் கொடுக்கும் சுவரொட்டி என்ற ஆட்டு மண்ணீரல், இரும்புச் சத்துக் குறைந்தவருக்கு உதவும். தட்டணுவுக்கு அதனால் பயனில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்கள் உப்பையும் இனிப்பையும் குறைத்து, கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஈறில் கசிவு உள்ளவர்கள் முறுக்கு, கடலை மிட்டாய் போன்ற கடினமானவற்றை விட்டு, அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த சாதம் போன்றவற்றைச் சாப்பிடலாம்.

ஆயுர்வேத மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதிவு பெற்ற பட்டதாரியா என்று முதலில் பாருங்கள். மருந்துகளின் பெயர்களையும் அளவையும் எழுதித் தருவாரா, இரத்தவியல் மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுப்பாரா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் செய்யச் சொல்வார், எண்ணிக்கை எந்த அளவுக்கு இறங்கினால் தன் மருந்தை நிறுத்துவார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எண்ணைச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல, ஆயுர்வேதம் என்ற சொல்லைக் கேட்டதும் சினந்து பேசும் இரத்தவியல் மருத்துவரிடமும், மருந்துப் பட்டியலை அமைதியாக நீட்டி, இதில் எது ஆகாது என்று கேளுங்கள். அவருக்கும் தெரிய வேண்டியது அதுவே.

மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகிறது. கர்ப்பமும் தரிக்க விரும்புகிறேன்.

அதிகப்படியான போக்குக்கு ட்ரானெக்ஸாமிக் அமிலம் போன்றவை உண்டு. மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஐ.டி.பி. உள்ள பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இரத்தவியல், மகப்பேறு மருத்துவர்கள் இருவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும், அவ்வளவே. கர்ப்பம் தரித்தது தெரிந்த நாளே ஆடாதோடை சேர்ந்த கஷாயம், மணப்பாகு, நெய் அனைத்தையும் நிறுத்துங்கள். அது கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடியது.

எந்த நிலையில் வைத்தியசாலைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், குழப்பம், தலையில் அடி, கருநிற மலம், வாந்தியிலோ சிறுநீரிலோ இரத்தம், அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்குக் கசிவு, வாய்க்குள் இரத்தக் கொப்புளம். இவற்றில் எது தோன்றினாலும் உள்ளூரில் கேட்டுக்கொண்டிருக்காமல், 108-ஐ அழைத்து, இரத்த வங்கியுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். வழியில் வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் எதுவும் கூடாது. தசையில் ஊசியும் கூடாது.

குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்துவிட்டோம். செய்யலாமா?

காது குத்துவதைத் தள்ளிப்போடுங்கள். எண்ணிக்கை உயர்ந்து நிலைத்த பிறகு, குழந்தை மருத்துவரின் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளலாம். மொட்டைக்குச் சவரக்கத்தி வேண்டாம். இயந்திரத்தால் ஒட்ட வெட்டினால் போதும். மாமன் மடியில் உட்கார வைத்துச் சீர் செய்வது, பொங்கல் வைப்பது எல்லாவற்றையும் குறித்த நாளிலேயே செய்யலாம்.